காலியாக விட்ட கட்டம்

எந்தக் கொம்யூன், அதில் எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் வழியில் வண்டிக்காரர்கள் இரண்டு இடத்தில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவார்கள். அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களையும் எழுதவில்லை. இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள், அது எனக்கு வேதனையாக இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம், முப்பதுகளின் நடுப்பகுதி. நெல் விலை அடியோடு விழுந்து கிடந்தது. களம் நிறைய நெல் வைத்திருந்தவர்களும் ஒரு வேட்டி வாங்கக் கடைக்காரரிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். அந்த நாளில் மாதம் பிறந்தால் கையில் ரொக்கமாகக் காசு பார்க்கிறவன் பெரிய ஆள். அப்படிப்பட்ட ஆட்களில் நானும் ஒருவன். கொம்யூன் அலுவலகத்தை எங்கள் பக்கம் மேரி என்போம், அதன் தலைவரை மேர் என்போம். நான் மேரியில் குமாஸ்தா. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு வந்தவன் என்பதால் நடை கொஞ்சம் மிதப்பாகத்தான் இருக்கும்.

என் கையெழுத்தைப் பற்றி எனக்குப் பெரிய கர்வம். பிரெஞ்சானாலும் தமிழானாலும் நான் எழுதிய தாளில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. ஒரு எழுத்து பிசகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவேன். மேர் காகிதச் செலவைப் பற்றி முனகுவார். முனகட்டும் என்று விட்டுவிடுவேன். எனக்கு அவர்மேல் மரியாதை கிடையாது.

மரியாதை இல்லாததற்குக் காரணம் ஒரு தோட்டக்காரர். எங்கள் மேரிக்குத் தோட்டம் கிடையாது. வாசலில் ஒரு வேப்பமரமும், ஆடு கடித்து மொட்டையாக நின்ற ஒரு செம்பருத்தியும் மட்டும்தான். ஆனால் தோட்டக்காரர் என்று ஒருவருக்கு மாதாமாதம் சம்பளம் போனது. அவர் மேருடைய மைத்துனர். சம்பளத்தன்று மட்டும் சில்க் சட்டையோடு வருவார். "இன்னா தம்பி, சவுக்கியமா?" என்று என்னைக் கேட்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக் கொடுப்பேன்.

எனக்குப் புதுச்சேரியில் இரண்டு சிநேகிதர்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்க் காப்பிக் கடையில் உட்கார்ந்து நாட்டைத் திருத்துவோம். வரி கட்டுகிறவனுக்கு அந்த வரி யார் வீட்டு உலையில் கொதிக்கிறது என்று தெரிய வேண்டாமா என்று நான் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். மூன்று பேரும் சேர்ந்து மேலிடத்துக்கு ஒரு மனுவும் எழுதினோம். சர்க்கார் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவர் பெயரும் தொகையும் ஊர் பார்க்க ஒட்டப்பட வேண்டும் என்று கேட்டோம்.

சில மாதம் கழித்து அப்படியே ஒரு உத்தரவு வந்தது. எங்கள் மனுவால்தான் வந்தது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் இருக்காது, எங்கள் மனுவை யாரும் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எப்படியோ உத்தரவு வந்தது. ஒவ்வொரு மேரியும் தன் சிப்பந்திகளின் பெயர், வேலை, ஆண்டுச் சம்பளம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, அடுத்த பட்டியல் வரும்வரை வாசல் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். சந்தை நாளில் தமிழில் வாசித்துக் காட்டவும் வேண்டும். மேருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அச்சடித்த பாரம் ஒன்றும் கூடவே வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குறிப்பு எழுதுவதற்கென்று ஒரு கட்டம், நல்ல அகலமாகவே இருந்தது. எல்லாவற்றையும் எழுதி முடித்து அந்தக் கட்டத்துக்கு வந்தபோது என் பேனா நின்றது. தோட்டக்காரர் பெயருக்கு எதிரே "தோட்டம் இல்லை" என்று எழுதலாம். அதுதான் உண்மை. காப்பிக் கடையில் இருந்திருந்தால் எழுதியிருப்பேன். மேரியில், மேருடைய நாற்காலிக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு எழுதத் துணிச்சல் வரவில்லை. ஒருவருக்கு எழுதி மற்றவருக்கு விட்டாலும் கேள்வி வரும் என்று, எல்லோருடைய கட்டத்திலும் ஒரு சிறு கோடு போட்டேன். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவான கோடுகள். பார்க்க வெகு அழகாக இருந்தது.

அந்தக் கோடுகளில் ஒன்று ஏரிக்காரருடையது. எங்கள் ஏரிக்கு மூன்று மதகு. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் திறந்து மூடுகிறவரை ஊரில் ஏரிக்காரன் என்பார்கள். நானும் அன்று அவன் இவன் என்றுதான் சொன்னேன், அவர் என் அப்பா வயது. இப்போது எழுதும்போது அவர் என்று வருகிறது. இதுவும் காலம் கடந்த மரியாதைதான்.

வேலை ஒன்று, பெயர் ஒன்று. ஆனால் செய்தவர்கள் மூன்று பேர். அவரும் அவர் தம்பியும் தங்கை புருஷனும் ஆளுக்கொரு மதகாகப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மாதம் பிறந்தால் அவர் வந்து கைநாட்டு வைத்துக் காசை வாங்கிக்கொண்டு, வேப்பமரத்தடிக்குப் போய் மூன்று பங்காகப் பிரிப்பார். என் சன்னல் வழியே மாதாமாதம் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பங்கு புகையிலைக்கும் உப்புக்கும்தான் காணும். அவர்கள் சாப்பிட்டது களத்து நெல்லை. அறுவடையில் பொலியை, அதாவது களத்து நெற்குவியலை, அளந்து முடிந்ததும், வீட்டுக்கு மூட்டை ஏறும் முன் ஏரிக்காரர்களுக்கு மரக்காலால் அளந்து போடுவது வழக்கம். அந்த நெல்தான் மூன்று குடும்பத்துக்கும் வருஷச் சோறு.

ஐப்பசியில் ஒரு சந்தை நாள் வாசலில் பெஞ்சு போட்டு, அதன்மேல் ஏறி நின்று நான் பட்டியலை வாசித்தேன். நல்ல கூட்டம். தோட்டக்காரர் பெயர் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். "எந்தத் தோட்டம்பா?" என்று ஒருவர் கேட்டார். நான் அந்தச் சிரிப்பில் குளிர்ந்துபோய் அடுத்த பெயரைப் படித்தேன். அது என் பெயர்.

இதை நான் யோசிக்காமல் விட்டதுதான் வேடிக்கை. அப்பா போன பிறகு வீட்டுக்குப் பெரியவர் அண்ணன். சம்பளத்தை அவரிடம் கொடுப்பேன். ஆனால் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருந்தேன். மிச்சம் காப்பிக்கும் பத்திரிகைக்கும் ஆனது. அண்ணன் கூட்டத்தில் முன்வரிசையில், தம்பி பேசுவதைப் பார்க்கும் பெருமையோடு நின்றிருந்தார். நான் தொகையைப் படித்ததும் அவர் விரல்விட்டுக் கணக்குப் போடுவது தெரிந்தது. என் குரல் இறங்கிவிட்டது. ஏரிக்காரரின் வரியை நான் அந்த இறங்கின குரலில்தான் படித்தேன். பெயர், வேலை, ஆண்டுச் சம்பளம்.

"இன்னாது, ஏரிக்காரனுக்கா அவ்ளோ?" என்று யாரோ கேட்டார்.

அவருக்கு மேரியிலிருந்து ஏதோ வருகிறது என்பது ஊருக்குத் தெரியும். எவ்வளவு என்றுதான் தெரியாது. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டபோது, அந்த வருஷம் கையில் ரொக்கமே பார்க்காதவர்களுக்கு அது மலைபோல இருந்தது. இது மூன்று பேர் பங்கு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு அது தோன்றவே இல்லை. மீதியை வாசித்துவிட்டு பெஞ்சிலிருந்து இறங்கினேன்.

தோட்டக்காரர் கதை ஒரு வாரத்தில் முடிந்தது. மறுநாள் காலை அவர் ஒரு புதுப் பூவாளியோடு வந்து, தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேப்பமரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். ஏழெட்டு நாள் விடாமல் ஊற்றினார். ஜனங்கள் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அவர் பூவாளியை வேப்பமரத்தில் மாட்டிவிட்டுப் பழையபடி சம்பளத்தன்று மட்டும் வரத் தொடங்கினார்.

வீட்டில் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "உன் காசு, உன் இஷ்டம்" என்று ஒருநாள் சொன்னார், அவ்வளவுதான். அதற்கப்புறம் மூன்று மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தை பிறந்தது. எங்கள் களத்தில் பொலி அளந்து முடிந்தபோது ஏரிக்காரர் வழக்கம்போல மூன்று கோணியோடு வந்து ஓரமாக நின்றார். நானும் அங்கே இருந்தேன். அண்ணன் அவரைப் பார்த்துவிட்டு மரக்காலைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"உனுக்குத்தான் சர்க்கார் அளக்குதே. நாங்க வேற அளக்கணுமா?"

"அது மூணு பேரு பங்குங்க சாமி. பிரிச்சா ஒண்ணும் காணாதுங்க."

"மூணு பேருன்னு யாரு சொன்னது? எங்க தம்பி ஒரு பேருதான் படிச்சான். இத்தினி வருசமா மறைச்சிட்ட இல்ல?" அண்ணன் என் பக்கம் திரும்பினார். மூன்று மாதத்தில் அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசியது அப்போதுதான். "நீயே சொல்லுடா. பட்டியல்ல எத்தினி பேரு?"

மறைச்சிட்ட என்ற சொல் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஏரிக்காரர் என்னை நம்பிக்கையோடு பார்த்தார். வேப்பமரத்தடியில் அவர் காசு பிரிப்பதை நான் சன்னலிலிருந்து பார்ப்பேன் என்பது அவருக்கும் தெரியும்.

"பட்டியல்ல ஒரு பேருதான் இருக்குது" என்றேன்.

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்நாளில் சொன்னதில்லை. ஏரிக்காரர் கோணிகளை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அண்ணன் அன்று சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தச் சமாதானம் எனக்கு இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் களத்தைப் பார்த்து அடுத்த களம், அதைப் பார்த்து அதற்கடுத்தது. இரண்டு பேர் பாதி அளந்தார்கள். மற்றவர்கள் அளக்கவே இல்லை.

மாசியில் ஒருநாள் மத்தியானம் ஏரிக்காரர் மேரிக்கு வந்தார். சம்பள நாள் அல்ல. வாசல் பலகைமுன் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"என் பேரு எதுங்க சாமி?"

காட்டினேன். அவர் விரலை அந்த வரியில் வைத்து, தொடாமல் தொட்டு, மெதுவாக வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"இங்க இன்னா எழுதியிருக்குதுங்க?"

"ஒண்ணுமில்ல. கோடு."

"காலியாத்தான இருக்குது. இதுல, இது மூணு பேரு பங்குன்னு ஒரு வார்த்தை எழுதக்கூடாதுங்களா? எழுதிட்டீங்கன்னா படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது களத்துல சொல்லுவாங்க. நான் சொன்னா எடுபடலீங்க."

எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் அந்தத் தாளில் எழுத வேண்டிய இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். அது குறிப்பு எழுதத்தான் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டியவன் நான்தான். ஆனால் எழுதினால் மேர் கேட்பார். ஒரு வேலையில் மூன்று பேர் எப்படி என்று மேலிடம் கேட்கும். தோட்டக்காரர் கட்டத்தில் ஏன் ஒன்றுமில்லை என்று ஊர் கேட்கும். அண்ணனிடம் நான் களத்தில் சொன்னது என்ன ஆகும்? இதெல்லாம் போக, ஒட்டிய தாளில் புதிதாக எழுதினால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"அது துரைங்க எழுதற இடம். நம்ம கை வைக்கக்கூடாது" என்றேன்.

"அப்படிங்களா. சரிங்க சாமி" என்றார். என்னை நம்பினார். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருந்தால் நான் ஒருவேளை எழுதியிருப்பேன்.

சித்திரை முடிவதற்குள் தம்பி புதுச்சேரியில் மில் வேலைக்குப் போய்விட்டார். தங்கை புருஷன் கடலூர்த் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார், குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார். மூன்று பங்கும் இப்போது ஒருவருக்குத்தான். ஆனாலும் களத்து நெல் இல்லாமல் அது போதவில்லை. ஏரிக்காரர் மனைவி எங்கள் வயலில் களை எடுக்க வரத் தொடங்கினார். அதற்குமுன் அவர் வந்ததில்லை.

அடுத்த ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. ஏரி தளும்பியது. ஒரு மதகுக்கும் அடுத்ததற்கும் கரைமேல் நடந்தால் நல்ல தூரம். ஏரிக்காரர் ஒருவரே முழங்கால் சேற்றில் மேலுக்கும் கீழுக்கும் ஓடினார். கடைசி மதகை மூட அவர் போய்ச் சேர்வதற்குள் கீழ்ப்பாசன வயல்களில் தண்ணீர் ஏறி, நடவு மூழ்கி அழுகியது. எங்கள் நிலமும் அதில் இருந்தது. அண்ணன் வரப்பில் நின்று, "சம்பளம் மட்டும் வாங்கத் தெரியுது" என்றார். கீழ்ப்பாசனக்காரர்கள் சேர்ந்து ஏரிக்காரரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி மேரிடம் மனுக் கொடுத்தார்கள். பட்டியலில் உள்ளபடி இவ்வளவு சம்பளம் பெற்றும் கடமை தவறினான் என்று அதில் எழுதியிருந்தது.

அந்த மனுவைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. புதுப் பட்டியல் எழுதும் நாளும் வந்திருந்தது. மேர் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும் என்று உட்கார்ந்தேன். ஏரிக்காரர் வரியின் கடைசிக் கட்டத்தில் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதினேன்: "இந்த வேலை மூவர் செய்வது. இந்தச் சம்பளம் மூவருக்குரியது." தோட்டக்காரர் கட்டத்தில் அப்போதும் கோடுதான் போட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

மேர் அதைக் கவனிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒட்டுவதற்குமுன் ஏரிக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் சேறு காயாத காலோடு வந்து வாசற்படிக்குக் கீழே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தாளை வெளியே கொண்டுபோய், அந்தக் கட்டத்தைக் காட்டி வாசித்தேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். நானே கொஞ்சம் மலர்ந்துதான் நின்றேன்.

அவர் குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"துரைங்க எழுதிட்டாங்களா?"

"நான்தான் எழுதினேன்."

"நீங்க எழுதலாம்ங்களா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"இப்ப மூணு பேரு இல்லீங்களே சாமி. என் தம்பி பூட்டான், மச்சானும் பூட்டாரு. மூணு பேரு செய்யிற வேலைன்னு இருந்தா, மத்த ரெண்டு பேரு எங்கடா, காட்டுன்னு கேப்பாங்க. நான் யாரைக் காட்டுவேன்? ஏற்கெனவே மனுக் கொடுத்திருக்காங்க. இருக்கறதும் போயிடும்ங்க."

"அப்ப இன்னா செய்யச் சொல்ற?"

"அடிச்சிடுங்க."

வேறு தாள் இல்லை, பாரம் ஒன்றுதான் வந்திருந்தது. மேருடைய கையெழுத்தும் விழுந்தாகிவிட்டது. உள்ளே போய் ரூல்தடியை எடுத்துவந்து, படியிலேயே உட்கார்ந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு மொழியிலும் எழுதியதை அடித்தேன். மை காயும்வரை அவர் நின்றார். பிறகு கும்பிட்டுவிட்டு மதகுக்குப் போனார்.

அவரை நீக்கவில்லை. நீக்கினால் அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வரமாட்டார்கள் என்று மேருக்குத் தெரியும். இன்னும் நாலைந்து வருஷம் அவர் ஒருவராகவே மூன்று மதகையும் பார்த்தார். நான் அந்த மேரியில் இருந்தவரை ஆண்டுதோறும் பட்டியல் எழுதினேன், ஆண்டுதோறும் அவர் கட்டத்தில் கோடு போட்டேன். என் கையால் எழுதி வாசலில் ஒட்டியதில் அடித்தல் இருந்தது அந்த ஒரு தாளில்தான். அதை ஒரு வருஷம் முழுவதும், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.